குழந்தையின் படுக்கையில் குழந்தை மட்டும் இருக்கட்டும்

குழந்தை பிறப்பதற்கு முன்பே தொட்டிலும் துணிமணிகளும் வாங்கி வைப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமில்லை. நல்லபடியாகப் பிறக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதே பெரியவர்களின் சொல். அதனால் பச்சிளங்குழந்தையின் படுக்கை, தாய் இன்னும் எழுந்து நடமாடாத நாள்களில் வேறு யாராலோ அவசரமாக வாங்கப்படும் பொருளாகிவிடுகிறது. தாய்மாமன் மெத்தை வாங்கி வருகிறார். அத்தை, தலையணையும் இரு பக்கத் திண்டுகளும் அடங்கிய பரிசுத் தொகுப்பைக் கொண்டுவருகிறார். நண்பர்கள் பஞ்சுப் பொம்மையும் மென்மயிர்ப் போர்வையும் தருகிறார்கள். எல்லாம் அன்பினால் வருபவை. வீடு திரும்பும் நாளில் அவை யாவும் குழந்தையைச் சுற்றி ஒரே படுக்கையில் குவிந்துவிடுகின்றன.

குழந்தைக்கு எந்தப் படுக்கை நல்லது என்று எங்களிடம் கேட்கும் குடும்பத்தினர் பலரும், இன்னும் எதை வாங்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே கேட்கிறார்கள். எங்கள் கருத்து வேறு. பச்சிளங்குழந்தையின் படுக்கையைப் பொறுத்தவரை, எதைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் எதை அகற்றுவது என்பதே முதன்மையான கேள்வி. உறுதியான, சமமான ஒரு பரப்பு. அதன்மேல் இழுத்து மடித்துச் செருகிய ஒரு பருத்தி விரிப்பு. அதன்மேல் மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை. இவற்றுக்கு மேல் அந்தப் படுக்கையில் எதுவும் தேவையில்லை. குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை இதுவே பாதுகாப்பான ஏற்பாடு.

மென்மை ஏன் ஆபத்தாகிறது?

மென்மையான பொருள் குழந்தைக்கு இதமானது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பச்சிளங்குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைப் போன்றதன்று. உடலின் அளவோடு ஒப்பிட அதன் தலை பெரியது, கனமானது. அந்தத் தலையைத் தூக்கவோ திருப்பவோ போதிய வலு கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வரவில்லை. மூச்சுக்குழாயோ மிகவும் குறுகலானது. தலை முன்புறம் சாய்ந்து மோவாய் நெஞ்சில் பதிந்தாலே அந்தக் குழாய் மடங்கி மூச்சு தடைப்படலாம். முகத்தின்மேல் ஒரு துணி விழுந்தால் அதை விலக்கக் குழந்தைக்குத் தெரியாது.

மென்மையான மெத்தையில் குழந்தையின் தலை ஒரு சிறு குழியை உண்டாக்குகிறது. தலை பக்கவாட்டில் திரும்பும்போது மூக்கும் வாயும் அந்தக் குழியின் ஓரத்தில் புதைகின்றன. அப்போது குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்க நேரிடுகிறது. அக்காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது, ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே வருகிறது. பெரியவர்களானால் விழித்துக்கொண்டு புரண்டு படுப்பார்கள். பச்சிளங்குழந்தைகள் சிலருக்கு அந்த விழிப்புணர்வு முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அழுகையோ போராட்டமோ இல்லாமல் இது நிகழ்ந்துவிடக்கூடும் என்பதுதான் இதில் உள்ள பெரிய அச்சம். அருகிலேயே படுத்திருப்பவருக்கும் ஓசை கேட்காது.

நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே இறந்து, ஆய்வுக்குப் பிறகும் காரணம் கண்டறிய முடியாமல் போவதைத் திடீர்ச் சிசு மரணம் என்று மருத்துவம் குறிப்பிடுகிறது. இத்தகைய இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள், குறிப்பாக இரண்டாம் மாதத்திற்கும் நான்காம் மாதத்திற்கும் இடையே நிகழ்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கும் ஆபத்து கூடுதல். இது அடிக்கடி நிகழ்வதன்று. பெற்றோர் இரவெல்லாம் அஞ்சிக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் செலவே இல்லாமல் பெருமளவு குறைக்கக்கூடிய ஓர் ஆபத்தை, அன்பின் பெயரால் நாமே கூட்டிவிடக் கூடாது.

பாட்டியின் பாய் பகையன்று

இதைச் சொல்லும்போது, "நாங்களெல்லாம் இப்படியா பிள்ளை வளர்த்தோம்? எங்கள் பிள்ளைகள் நன்றாக வளரவில்லையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு நேர்மையான பதில் இது: அவர்கள் செய்தவற்றுள் பெரும்பகுதி சரியானதே.

கோரைப்பாயின்மேல் துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டியை விரித்துக் குழந்தையை மல்லாந்து கிடத்தினார்கள். தாய் ஒரு கை தொலைவில் படுத்திருந்தாள். குழந்தை தாய்ப்பால் குடித்து வளர்ந்தது. உறுதியான பரப்பு, மல்லாந்த நிலை, அருகில் தாய், தாய்ப்பால் ஆகிய இந்த நான்கையும்தான் இன்றைய மருத்துவமும் வலியுறுத்துகிறது. மேலைநாடுகளில் சில பத்தாண்டுகள், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லதென்று குழந்தை வளர்ப்பு நூல்களே பரிந்துரைத்து வந்தன. பிறகு ஆய்வுகள் அதன் ஆபத்தை எடுத்துக்காட்டின. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992-இல் அந்தப் பரிந்துரையை மாற்றியது. 1994-இல் குழந்தைகளை மல்லாந்து உறங்க வைக்குமாறு நாடு தழுவிய பரப்புரை தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் அங்கே திடீர்ச் சிசு மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்தோ புதிய கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. படுக்க வைக்கும் முறையை மாற்றியதே பெரும் பங்காற்றியது.

ஆகவே, இன்றைய ஆபத்தின் பெரும்பகுதி பாட்டியின் பாயிலிருந்து வரவில்லை, கடையிலிருந்து வருகிறது என்பதே எங்கள் துணிபு. அமுங்கும் நுரை மெத்தை, தலையணை, பக்கத் திண்டுகள், தடித்த செயற்கை இழைப் போர்வை, சாய்வான உறக்க இருக்கை ஆகியவை நம் வீடுகளுக்குப் புதியவை. ஒரு பொருள் குழந்தைக்கென்று விற்கப்படுவதாலேயே அது பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது. தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும், 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறக்கச் சாதனங்களையும் தடைசெய்து 2022-இல் அமெரிக்கா சட்டமே இயற்றியது. பல ஆண்டுகள் அங்குள்ள கடைகளில் குழந்தைகளின் பெயரால் விற்கப்பட்ட பொருள்கள்தாம் அவை.

பழைய வழக்கங்கள் யாவும் அப்படியே தொடரலாம் என்று நாங்கள் கூறவில்லை. இரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளுமாறு பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, கடுகுத் தலையணை. தலை உருண்டையாக அமைய வேண்டும் என்பதற்காக இது வைக்கப்படுகிறது. பிறப்புப் பாதையில் அழுந்தி நீண்டிருக்கும் தலை, எதுவும் செய்யாமலேயே சில நாள்களில் தன் வடிவத்தைப் பெறும். ஒரே பக்கம் படுப்பதால் தலை தட்டையாகாமல் இருக்க, குழந்தையின் தலை ஒருநாள் வலப்புறமும் மறுநாள் இடப்புறமும் திரும்பியிருக்குமாறு கிடத்தலாம். குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, சில நிமிடங்கள் குப்புறக் கிடத்தி விளையாட விடலாம். இதனால் கழுத்துக்கும் வலு கிடைக்கும். உறக்கத்தில் தலையணை வேண்டாம். தையல் பிரிந்து சிந்தும் கடுகு மூக்கிலோ வாயிலோ புகும் ஆபத்தும் அதில் உண்டு.

இரண்டாவது, புடவைத் தூளி. தூளியின் தாலாட்டில் குழந்தை அமைதியடைவதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தூளியில் முதுகு வளைந்து, மோவாய் நெஞ்சைத் தொடும் நிலை ஏற்படுகிறது. இருபுறத் துணியும் முகத்தை நெருங்கி மூடுகிறது. எனவே, ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொண்டே சிறிது நேரம் ஆட்டலாம். உறங்கியதும் குழந்தையைச் சமமான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். இரவு முழுவதும் தூளியில் விடுவது கூடாது. குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் தூளியே வேண்டாம். கட்டிய தூளியைப் பயன்படுத்தாத நேரங்களில் அவிழ்த்து வைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகி இறந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

மரபைக் கைவிடாமலே பாதுகாப்பைச் சேர்க்க முடியும் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நல்ல சான்று. அங்கே தாயும் சேயும் ஒன்றாக உறங்குவது பழைய வழக்கம். அதனை அறவே விடுமாறு சொல்வதற்கு மாற்றாக, நாணல் போன்ற உள்ளூர் நாரால் முடைந்த சிறு கூடைப் படுக்கையைத் தாயின் பக்கத்திலேயே வைத்துக் குழந்தையை அதில் உறங்க வைக்கும் முறையை மாவோரி நலப் பணியாளர்கள் பரப்பினார்கள். தாயின் அருகாமை நீடித்தது. குழந்தைக்குத் தனிப்பரப்பும் கிடைத்தது. நம் வீடுகளிலும் இத்தகைய வழி சாத்தியமே.

படுக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது

விலையைப் பார்ப்பதற்கு முன்பு மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் பரப்பு பழையபடி சமமாகிவிட வேண்டும். கைத்தடம் குழியாக நின்றால் அந்த மெத்தை குழந்தைக்கு ஆகாது. புதிதாக அடித்த இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகமானது. குழந்தைக்கு அது அளவுக்கு மீறி அமுங்கும். தேங்காய் நார் மெத்தை போன்ற உறுதியானவை ஏற்றவை. தனி மெத்தை வாங்க வசதி இல்லையெனில் வருந்த வேண்டியதில்லை. பாயின்மேல் சுருக்கமின்றி விரித்த கனமான ஜமுக்காளமும் அதன்மேல் ஒரு பருத்தித் துணியும் போதும். தரையில் ஈரமும் எறும்பும் இல்லாதவாறு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிப்பின் நான்கு ஓரங்களையும் மெத்தைக்கு அடியில் இறுக மடித்துச் செருகுங்கள். தளர்ந்து சுருளும் விரிப்பும் போர்வையைப் போலவே முகத்தை மூடும். ரப்பர் விரிப்பு இடுவதானால், அது அசையாதவாறு பருத்தி விரிப்புக்குக் கீழே இருக்க வேண்டும். புதிய மெத்தையைச் சுற்றிவரும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி அன்றே வெளியேற்றிவிடுங்கள்.

மரத்தொட்டிலோ இரும்புத் தொட்டிலோ பயன்படுத்தினால், மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே இரு விரல்களுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். உறவினர் வீட்டிலிருந்து வரும் பழைய தொட்டில்களில் இதனை அளந்து பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

குடை போல விரியும் கொசுவலைப் படுக்கை இன்று ஏழை எளியோர் வீடுகளிலும் காணப்படுகிறது. டெங்குவும் மலேரியாவும் உள்ள நாட்டில் கொசுவலை கட்டாயம் வேண்டும். அதை நாங்கள் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். ஆனால் அந்தப் படுக்கையுடன் வரும் குட்டித் தலையணையையும் திண்டுகளையும் எடுத்துவிடுங்கள். அடிமெத்தையைக் கையால் அழுத்திச் சோதியுங்கள். அது அமுங்கினால், வலையை மட்டும் உறுதியான பரப்பின்மேல் கவிழ்த்துப் பயன்படுத்துங்கள். வலை விறைப்பாக, குழந்தையின் முகத்தைத் தொடாமல் நிற்க வேண்டும்.

குழந்தை கீழே விழுந்துவிடும் என்ற அச்சத்தில் கட்டிலின் ஓரத்தில் தலையணைகளை அடுக்குவது பரவலான பழக்கம். விழுவதைத் தடுக்க வைத்த தலையணையே மூச்சைத் தடுத்துவிடலாம். விழும் அச்சம் இருந்தால் படுக்கையைத் தரைக்கு மாற்றுவதே தீர்வு.

குளிரும் புழுக்கமும்

போர்வை இல்லையென்றால் குழந்தைக்குக் குளிராதா என்பது அடுத்த கேள்வி. பிறந்த முதல் நாள்களிலும், குறைமாதக் குழந்தைகளிடத்தும், உடல் வெப்பத்தைக் காப்பது இன்றியமையாதது. அதற்காகவே மருத்துவமனையில் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் சொல்கிறோம், குல்லா அணிவிக்கிறோம். ஆனால் நிறைமாதத்தில் பிறந்து வீடு திரும்பிய குழந்தைக்கு நம் ஊர் வெப்பத்தில் குளிரைவிடப் புழுக்கமே பெரிய இடர். உடல் அளவுக்கு மீறிச் சூடாவதும் திடீர்ச் சிசு மரணத்தின் ஆபத்தைக் கூட்டுகிறது.

பெரியவர் உடுத்துவதைக் காட்டிலும் ஓர் அடுக்கு கூடுதலாகப் பருத்திச் சட்டை அணிவித்தால் போதும். கை கால்கள் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. அதைக் கண்டு போர்த்த வேண்டாம். பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்வையும் சூடும் இருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். மின்விசிறி ஓடலாம். வீட்டில் உறங்கும்போது குல்லா தேவையில்லை. அது நழுவி முகத்தை மூடும், தலைவழியே வெளியேற வேண்டிய வெப்பத்தையும் தடுக்கும். துணியால் சுற்றிப் படுக்க வைப்பதானால் மெல்லிய பருத்தித் துணியால், கால்கள் மடங்கி அசைய இடம்விட்டு, மல்லாந்த நிலையில் மட்டும் சுற்றுங்கள். புரள முயலும் முதல் அறிகுறி தெரிந்தவுடன் அதை நிறுத்திவிட வேண்டும். கண்ணேறு கழிக்கக் கட்டும் கறுப்புக் கயிறு கழுத்தில் இருக்க வேண்டாம். அரைஞாணாக இடுப்பில் இருக்கட்டும்.

மல்லாந்து படுத்தால், கக்கும் பால் புரையேறிவிடாதா என்று பலர் அஞ்சுகிறார்கள். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. மேலே வரும் பால் தன் எடையால் கீழே உள்ள உணவுக்குழாய்க்கே திரும்புகிறது. குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் நிலையானதன்று. அங்கிருந்து குப்புறப் புரள்வது எளிது. பால் கொடுத்த பின் தோளில் சாய்த்து ஏப்பம் வரச்செய்து, பிறகு மல்லாந்து கிடத்துவதே போதுமானது.

யாருக்கு அருகில்?

ஓர் அறையில் முழுக் குடும்பமும் உறங்கும் வீடுகளை நாங்கள் அறிவோம். குழந்தையைத் தனியறையில் விடச் சொல்வது எங்கள் நோக்கமன்று. முதல் ஆறு மாதங்களாவது தாயின் அறையிலேயே குழந்தை இருப்பதுதான் பாதுகாப்பு. அறை ஒன்றாக, பரப்பு வேறாக இருக்கட்டும். தாயின் பாயை ஒட்டி இன்னொரு சிறு பாய் விரித்தாலே அது தனிப்பரப்பாகிவிடும். அறுவைச் சிகிச்சையில் குழந்தை பெற்றவர்கள் தரையிலிருந்து எழுவது கடினம். அவர்கள் கட்டிலில் படுத்தால், குழந்தையின் தொட்டில் கை எட்டும் உயரத்தில் கட்டிலுக்கு அருகே இருக்கட்டும். இரவில் குழந்தையை எடுத்துத் தரவும் திரும்பக் கிடத்தவும் கணவரோ தாயாரோ முறைவைத்து உதவ வேண்டும். இதுவும் படுக்கைப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். களைத்த தாய், குழந்தையை மார்பில் வைத்தபடியே கண்ணயர்வது தவிர்க்க முடியாதது; அவர் சோபாவில் அமர்ந்தபடி கண்ணயர்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. மது அருந்தியவர், உறக்கம் தரும் மருந்து உட்கொண்டவர், புகைபிடிப்பவர் ஆகியோருடன் ஒரே படுக்கையில் குழந்தை இருக்கவே கூடாது. உடன்பிறந்த சிறு பிள்ளைகளும் குழந்தைக்கு அடுத்துப் படுக்க வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டில் எந்த அறையிலும் புகைபிடிக்க வேண்டாம்.

வளைகாப்புக்கு முன்பே பேசுங்கள்

இவையனைத்தையும் இளந்தாய் ஒருத்தியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. வளைகாப்பு முடிந்து அவர் தாய்வீடு செல்கிறார். அங்கே குழந்தையின் படுக்கையை முடிவு செய்வது பெரும்பாலும் அவருடைய தாயார். பிறகு புகுந்த வீட்டில் மாமியார். மருத்துவர் சொன்னார் என்று இருபது வயதைக் கடந்த பெண் ஒருத்தி தன்னைவிட மூத்த இருவரிடமும் வாதாட வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையை அவர்மேல் ஏற்றுவது முறையன்று. ஆகவே, ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்து வாருங்கள். அவர்களுடைய ஐயங்களை அவர்களே கேட்கட்டும். நாங்கள் நேரில் விடை கூறுகிறோம். வாங்கும் பொருள்கள் பற்றிய பேச்சும், கைக்கொள்ளும் முறை பற்றிய பேச்சும் அப்போதே முடிந்துவிட்டால், பேறுக்குப் பின் அவசரமும் மனத்தாங்கலும் இல்லை.

திண்டும் பொம்மையும் இல்லாத படுக்கை சிலருக்கு வறுமையின் அடையாளமாகத் தோன்றலாம். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் எழலாம். பரிசாக வந்த தலையணையை மறுத்தால் உறவு கசக்குமோ என்று அஞ்சவும் தேவையில்லை. நன்றியுடன் பெற்று அலமாரியில் வையுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு அது பயன்படும். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்கும் உறவினரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: நான்கு பருத்தி விரிப்புகள், ஒரு நல்ல கொசுவலை, முன்புறம் முடிச்சிடும் ஆறு பருத்திச் சட்டைகள். மெத்தை வாங்கும் செலவில் இவை யாவும் வந்துவிடும். ஒவ்வோர் இரவும் விளக்கை அணைப்பதற்கு முன்பு குழந்தையின் படுக்கையை ஒருமுறை நோக்குங்கள். அங்கே குழந்தையைத் தவிர வேறு எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.